குவில்ட் தைக்கப் பழைய மெஷின்: கையா, காலா, மின்சாரமா?

துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் தைக்கப் பழகியவர்களில் பலர், ஒரு கட்டத்தில் பழைய இரும்பு மெஷின் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பழம்பொருள் மீதுள்ள ஆசை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட வலுவான காரணமும் உண்டு. குவில்ட் வேலையில் பெரும்பகுதி வெறும் நேர்த்தையல்தான். நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் தெரியாத மெஷின்கள் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்டு வந்தன. அவற்றில் நல்ல நிலையில் இருப்பவை இன்றும் புதிய மெஷின்களுக்கு ஈடாக, சில வேளைகளில் அவற்றைவிட நேராகவும் தைக்கின்றன. ஆனால், கைப்பிடியைச் சுற்றி ஓட்டுவது, காலால் மிதித்து ஓட்டுவது, மோட்டார் பொருத்திய முழு அளவு மெஷின், கைப்பெட்டிக்குள் அடங்கும் சிறிய மெஷின் என விற்பனைக்கு வருபவை பல விதம். இவற்றுள் ஒன்றில் சிறந்து விளங்குபவர் மற்றொன்றில் திணறுவதும் உண்டு.

மெஷின்களை ஒப்பிடுவதற்கு முன் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் துண்டுகளை இணைத்து மேல்துணியை உருவாக்குகிறோம். பிறகு மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்குகிறோம். கடைசியாக ஓரப்பட்டி. முதல் வேலைக்குத் துல்லியம் வேண்டும். இரண்டாவது வேலைக்கு இடம் வேண்டும். மூன்றாவதை எந்த மெஷினிலும் முடித்துவிடலாம். பழைய மெஷின் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும், மூன்றடுக்கு வேலையையும் அதே மெஷினில் செய்ய நினைப்பவர்கள் அந்த இரண்டாவது வேலையை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

துல்லியம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், உள்ளே தைப்பதே வழக்கம். ஒரு வரிசையில் 12 துண்டுகள் இருந்தால் இடையில் 11 தையல்கள் வரும். ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு மட்டும் அகலமாகப் போனாலும், இரு பக்கத் துணியிலும் அது குறைவதால், தையல் ஒன்றுக்கு 16-இல் ஒரு பங்கு இழப்பாகிறது. 11 தையல்களுக்குக் கணக்கிட்டால் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரிசை சுருங்கிவிடும். அடுத்த வரிசையில் பிழை வேறு அளவில் இருந்தால் மூலைகள் எந்த நிலையிலும் ஒன்றோடொன்று சேரா.

பழைய நேர்த்தையல் மெஷின்களுக்கு இந்த இடத்தில் இயல்பாகவே ஒரு சாதகம் இருக்கிறது. அவற்றின் ஊசி பக்கவாட்டில் நகர வேண்டிய தேவையே இல்லாததால், ஊசித்தகட்டில் ஒரு சிறு வட்டத்துளை மட்டுமே உண்டு. வளைதையல் (ஜிக்ஜாக்) போடும் மெஷின்களின் அகலமான நீள்துளையில், முக்கோணத் துண்டின் கூர்மையான முனையை வைத்துத் தைக்கத் தொடங்கினால், ஊசி அந்த முனையைத் துளைக்குள் அமுக்கி நூலோடு சிக்கவைத்துவிடும். வட்டத்துளையில் இது மிக அரிது. பின்தையல் வசதி இல்லாத மெஷின்தானே என்ற தயக்கமும் இணைப்பு வேலையில் தேவையற்றது. ஒரு தையலின் முனையை அடுத்த தையல் குறுக்கே கடந்து பூட்டிவிடுவதால், தையல் நீளத்தை அங்குலத்துக்கு 12 என்ற அளவில் வைத்துக்கொண்டாலே போதும்.

கைப்பிடி மெஷினிலிருந்து தொடங்கலாம். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை ஒன்று மட்டுமே துணியை வழிநடத்தும். இதைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். இணைப்பு வேலைக்கு அது குறையே அன்று. ஒரு தையல், அரைத் தையல் என்று விரும்பிய இடத்தில் நிறுத்த முடியும். இரண்டு தையல்கள் குறுக்கிடும் இடத்தில் ஊசி சரியாக எந்த இழையில் இறங்குகிறது என்பதைக் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த தையலைப் போடலாம். முதன்முதலாகத் தைக்கப் பழகும் சிறுவர்களுக்கும், வேகத்தைக் கண்டு அஞ்சும் பெரியவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான மெஷின் இல்லை. ஆனால் மூன்றடுக்கு வேலைக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. கனமான குவில்டைத் தாங்கிப் பிடித்து நகர்த்த இரண்டு கைகளும் போதாமல் இருக்கும்போது, ஒன்றைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றொன்றால் சமாளிப்பது நேர்கோட்டுத் தையலிலேயே கடினம். துணியை விருப்பம்போல் வளைத்து நகர்த்தி வரையும் ஃப்ரீ மோஷன் தையலில் ஏறக்குறைய இயலாத காரியம். கைப்பிடியோடு கிடைக்கும் மெஷின்களில் பல, சிங்கர் 99, 128 போன்ற முக்கால் அளவு மெஷின்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடைப்பட்ட இடம் இவற்றில் முழு அளவு மெஷினைவிடக் குறைந்தது ஓர் அங்குலமாவது குறைவு. மெஷினில் இணைத்துவிட்டு மூன்றடுக்குத் தையலைக் கையால் போடுபவர்களுக்குக் கைப்பிடி மெஷினை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், மற்றவர்களுக்கு இல்லை.

குவில்ட் தைப்பவர்களிடையே மிகுந்த புகழ் பெற்றது சிங்கர் 221. ஃபெதர்வெயிட் என்ற பெயரால் அறியப்படும் இந்த மெஷின் 1933-இல் அறிமுகமானது. அலுமினிய உடலும் மடித்துவைக்கக்கூடிய மேடைப் பகுதியும் கொண்ட இதன் எடை 11 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5 கிலோதான். முழு அளவு இரும்பு மெஷின் இதன் இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டது. இணைப்பு வேலையில் இதன் புகழ் நியாயமானதே. தையல் நேராக விழும், சத்தம் குறைவு, பின்தையல் உண்டு, தையல் வகுப்புக்கு ஒரு கையில் தூக்கிச் செல்லலாம். ஆனால் ஊசிக்கும் தூணுக்கும் இடைப்பட்ட இடம் 5 அங்குலத்தைச் சற்றே தாண்டும் என்பதை வாங்கும் ஆர்வத்தில் பலர் கவனிப்பதில்லை.

அந்த 5 அங்குலம் என்ன செய்யும் என்பதை ஒரு 60 அங்குல அகல குவில்டை வைத்து எண்ணிப் பார்க்கலாம். நடுக்கோட்டைத் தைக்கும்போது அதன் பாதி, அதாவது 30 அங்குலத் துணி, சுருட்டப்பட்டு ஊசிக்கு வலப்புறத்தில் அடங்கியாக வேண்டும். நடுவில் பஞ்சு இருப்பதால் சுருள் தடிமனாகவே இருக்கும். 8 அங்குல இடத்தில் அந்தச் சுருள் சற்று நகரவும் திரும்பவும் வழி இருக்கும்; 5 அங்குலத்தில் அது தூணை முட்டிக்கொண்டு நிற்கும். முட்டி நிற்கும் துணியை, அடியிலிருந்து அதை நகர்த்தும் பற்களால் சீராகத் தள்ள முடியாது. மேற்பக்கம் பார்க்க நேராகத் தெரியும் கோட்டில் தையல்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இந்த முட்டல்தான். நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) திருகித் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. இதோடு, 221-இல் பற்களை இறக்கும் வசதியும் இல்லை; ஃப்ரீ மோஷன் தைக்க வேண்டுமானால் பற்களின் மேல் ஒரு மூடுதகட்டைப் பொருத்த வேண்டும். கையுறைகள், சட்டைக் கைகள் போன்றவற்றை நுழைத்துத் தைக்கும் அமைப்போடு வந்த 222 மாதிரியில் பற்களை இறக்கலாம், ஆனால் அது அரிதாகவே கிடைக்கிறது. ஆகவே ஃபெதர்வெயிட்டை வாங்குபவர்கள் தொட்டில் குவில்ட், மேசை விரிப்பு அளவில் நின்றுகொள்ள வேண்டும். அல்லது குவில்டைக் கட்டம் கட்டமாக மூன்றடுக்கிலும் தைத்து முடித்துவிட்டுப் பிறகு கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறைக்கு மாற வேண்டும். பெரிய குவில்டுகளைத் தைத்துத் தரும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பவர்களுக்கு இந்தத் தடை பொருட்டே இல்லை.

கால் மெஷினைப் பற்றி எழுதும்போது நான் நடுநிலையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. குவில்டுக்கு அதன் மிகப் பெரிய உதவி மிதிபலகை அன்று, மேசை. மெஷினின் மேடை மரப்பலகையோடு சமமட்டத்தில் பதிந்திருப்பதால் குவில்டின் எடையை மேசையே தாங்குகிறது. ஊசிக்கருகே துணி தொங்கி இழுபடுவதில்லை. மேசைமேல் தூக்கிவைக்கும் மெஷின்களில் மேடை சில அங்குலம் உயர்ந்து நிற்பதால், குவில்ட் அந்த விளிம்பில் வழிந்து கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். (ஃபெதர்வெயிட்டுக்காக நடுவில் வெட்டுவாய் கொண்ட மடக்குமேசையைச் சிங்கர் நிறுவனமே விற்றது, பிரச்சினை அப்போதே தெரிந்திருக்கிறது.) இரண்டு கைகளும் விடுபட்டிருக்கின்றன, வேகம் பாதத்தின் அழுத்தத்தோடு சீராகக் கூடிக் குறைகிறது. ஃப்ரீ மோஷன் தையலில் துணியை நகர்த்தும் வேகமும் ஊசியின் வேகமும் ஒத்துப்போனால்தான் தையல் நீளம் ஒரே அளவில் அமையும். மிதிக்கும் தாளம் ஒருமுறை உடம்பில் படிந்துவிட்டால், கைகள் அதோடு தாமாகவே இசைந்துகொள்கின்றன. மின்மோட்டாரின் கால்விசையில், அதிலும் தேய்ந்துபோன பழைய விசையில், இந்த ஒத்திசைவைப் பெறுவது கடினம்.

பழகும் காலத்தில் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று நூல் சிக்கிக்கொள்வது கால் மெஷினின் குணம். மேலே உள்ள சக்கரத்தைக் கையால் தம்பக்கமாகச் சுற்றிவிட்டு அதன் பிறகே மிதிக்கத் தொடங்க வேண்டும். கணுக்காலிலோ முழங்காலிலோ வலி உள்ளவர்கள் இந்த வகையை விட்டுவிடுவதே நல்லது. வீட்டில் நிரந்தரமாக ஓர் இடத்தையும் அது கேட்கும்.

கால் மேசையில் எந்த மெஷின் பொருந்தியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அடிநூலைக் கொண்டுசெல்லும் தோட்டா வடிவ ஷட்டில் முன்னும் பின்னும் ஊசலாடும் சிங்கர் 27, 127 வகைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இணைப்பு வேலையில் இவற்றின் தையல் மிக அழகானது. ஆனால் இவற்றில் பற்களை இறக்கும் வசதி கிடையாது. அடிநூல் சுற்றப்படும், நீண்ட குச்சி போன்ற பாபின்களும் அவை நுழையும் ஷட்டிலும் அந்த மெஷின்களுக்கே உரியவை. ஷட்டில் தொலைந்துபோன மெஷினை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கினால், சேமித்த பணம் ஷட்டிலைத் தேடுவதில் போய்விடும். இதற்கு மாறாக, சிங்கர் 15 வகையில் வட்டப் பாபினும் அதற்கான கேஸும் இன்றும் எங்கும் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் இந்த அமைப்பைப் பின்பற்றிப் பல பெயர்களில் எண்ணற்ற மெஷின்களை வெளியிட்டதும் அதற்கு ஒரு காரணம். 15-88 என்ற கால் மெஷினில் பின்தையல் உண்டு. மெஷினைச் சாய்த்து அடியிலுள்ள திருகைத் தளர்த்திப் பற்களை இறக்கிவிடலாம். ஜப்பானிய மெஷின்கள் பலவற்றில் இதற்கென மேடையிலேயே ஒரு குமிழ் இருக்கும். ஊசிக்கும் தூணுக்கும் இடையே சுமார் 8 அங்குலம் கிடைக்கிறது. இணைப்பும் மூன்றடுக்குத் தையலும் ஒரே மெஷினில் நடக்க வேண்டும் என்றால், மேசையில் பதிந்த 15 வகைக் கால் மெஷினே என் தேர்வு.

ஊசி பொருத்தும் திசையில் மட்டும் கவனம் வேண்டும். 15-88, 15-91 ஆகியவற்றிலும் 221-லும் ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும். நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். முன்னிருந்து பின்னாக நூல் கோத்துப் பழகியவர்கள் ஊசியைத் தவறாக மாட்டிவிட்டு, மெஷின் தையலே போடவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். இத்தகைய மெஷின்கள் சில நேரம் "பழுது" என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. தெரிந்தவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

மோட்டார் உள்ள முழு அளவு மெஷின்களில் ஒப்பிட வேண்டியவை இரண்டு: 15-91, 201-2. இரண்டிலும் பெல்ட் இல்லை. மோட்டார் பற்சக்கரத்தின் வழியாக நேரடியாக இயக்குகிறது. அதனால் தடித்த தையல் சந்திப்புகளில் ஊசி நின்றுவிடாமல் ஊடுருவும். 201-இல் ஊசியிலிருந்து மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி ஒரே திசையில் முழுச் சுற்றாகச் சுழல்வதால் ஓட்டம் மென்மையாகவும் சத்தம் குறைவாகவும் இருக்கும். அதன் பாபின் மேலிருந்தே போடப்படுவதால், நூல் தீர்ந்ததும் குவில்டை முழுவதும் நகர்த்தாமல் மாற்றிக்கொள்ளலாம். 15-இல் பாபின் இடப்புறத்தின் அடியில் இருக்கிறது. சுருட்டிய குவில்ட் அங்கேதான் குவிந்து கிடக்கும். ஓடும் மென்மைக்கு 201, உதிரி பாகங்களுக்கு 15 என்று சொல்லலாம். 201-2-ஐ நல்ல நிலையில் காண நேர்ந்தால் 15-91-ஐ விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வேன். 66 வகையும் மேலிருந்து பாபின் போடும் உறுதியான மெஷின்தான். ஆனால் "சிவப்புக் கண்" என்று அழைக்கப்படும் வண்ண அலங்காரம் கொண்ட பழைய 66-களில், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் பின்பக்கமாகப் பிணைக்கப்படுவதால், கால் அங்குல ஃபுட், ஃப்ரீ மோஷன் ஃபுட் என்று இன்று விற்கப்படுபவை நேரடியாகப் பொருந்தா.

மின்மெஷினுக்கு உரிய சில எச்சரிக்கைகள் உண்டு. பழைய மின்கம்பிகளின் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருந்தால், மாற்றும்வரை மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட மோட்டாரை 220-240 வோல்ட் உள்ள நாட்டில் ஓட்ட, மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 15-91, 201-2, 221 ஆகியவற்றின் மோட்டாருக்குக் கிரீஸ்தான் இட வேண்டும். மற்ற உராயும் இடங்களுக்கு விடும் எண்ணெயை அங்கே விடக் கூடாது.

மூன்றடுக்கை நேர்கோட்டில் தைக்கப் பயன்படும் வாக்கிங் ஃபுட், மேலிருக்கும் துணியையும் பஞ்சையும் அடித்துணியோடு சேர்த்து ஒரே வேகத்தில் நகர்த்துவது. இதை வாங்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். நேர்த்தையல் மெஷின்களின் பற்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கும்; வளைதையல் மெஷின்களுக்காகச் செய்யப்பட்ட வாக்கிங் ஃபுட்டின் பற்கள் விலகி இருக்கும். மாட்டுவதற்குப் பொருந்திவிடும், ஆனால் மேற்பற்களுக்கு நேர்கீழே எதுவும் இருக்காது. துணி நகராமல் நிற்கும். குறுகலான பற்கள் கொண்ட வாக்கிங் ஃபுட் தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெட்டிய உருவங்களைத் துணிமேல் வைத்து ஓரம் சுற்றி வளைதையல் போடும் அப்ளிக் வேலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதுவரை சொன்ன எதுவும் உதவாது. ஃபாஃப் 130, சிங்கர் 401, பெர்னினா 830 ரெக்கார்ட் போன்றவற்றை அவர்கள் பார்க்கலாம். ஆனால் 1960-களிலும் அதற்குப் பிறகும் வந்த மெஷின்களில் சிலவற்றின் பற்சக்கரங்கள் பிளாஸ்டிக். சிங்கர் 600 வரிசை இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. நாள்பட்ட பிளாஸ்டிக் பற்கள் விரிந்து உடையும். வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் போன்ற ஒற்றை நூல் சங்கிலித்தையல் மெஷின்கள் அழகானவை, ஆனால் ஒரு முனை அறுந்தால் முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும். தற்காலிகமாக நூலோட்டி வைக்க மட்டும் அவை நன்று. ஒயிட் ரோட்டரி போல, இன்று வழக்கிலுள்ள வீட்டு மெஷின் ஊசி பொருந்தாத மெஷின்களை முதல் மெஷினாக வாங்க வேண்டாம். சிங்கர் 15, 66, 127, 201, 221 ஆகிய எல்லாவற்றுக்கும் இன்றைய சாதாரண வீட்டு ஊசியே பொருந்தும் என்பது அவற்றின் பெரிய அனுகூலம்.

இரட்டைக் கட்டில் அளவுக்குப் பெரிய குவில்டுகளை அடிக்கடி ஃப்ரீ மோஷனில் தைப்பவர்கள், 10 அல்லது 11 அங்குல இடைவெளி கொண்ட புதிய நேர்த்தையல் மெஷினையே வாங்கட்டும். பழைய மெஷின்மீது எனக்குள்ள பற்று இதை மறைக்கும் அளவுக்குப் போகவில்லை.

மாதிரி எண்ணைவிட, கையில் கிடைக்கும் மெஷினின் நிலையே முக்கியம். ஊசித்தகட்டைக் கழற்றினால் பற்களின் அடியில் பஞ்சுத்தூசும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து கம்பளித் தகடுபோல் இறுகிக் கிடப்பதைப் பெரும்பாலான மெஷின்களில் காணலாம். அது கவலைக்குரியதன்று, ஊசிமுனையால் கிளறியெடுத்துவிடலாம். கவலைப்பட வேண்டியது கொக்கியின் கூர்முனை. ஊசிகள் மோதி மோதி அதில் கீறல் விழுந்திருந்தால் நூல் பிரிந்து அறும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது எண்ணெய் பிசினாகி இறுகிய மெஷின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கனமாக இருக்கும்; எண்ணெய் விட்டு ஓட்ட ஓட்ட இளகிவிடும். ஒரே ஓரிடத்தில் மட்டும் தட்டி நின்றால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. கருப்பு உடலில் பொன்னிற ஓவியங்கள் உள்ள மெஷினை ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்கக் கூடாது. ஓவியத்தின் மேலிருக்கும் ஷெல்லாக் பூச்சு கரைந்துவிடும். 1951-இல் வந்த சிங்கர்களில் நூற்றாண்டுப் பட்டயம் பதித்திருப்பார்கள். அதற்காகக் கூடுதல் விலை கேட்பவர்களிடம் அது ஒரு தையலைக்கூடச் சீராக்காது என்று சொல்லிவிடலாம்.

பார்க்கப் போகும்போது, குவில்டுக்கு வாங்கிய பஞ்சில் மிஞ்சிய ஒரு சாணகலத் துண்டை இரண்டு பருத்தித் துணிகளுக்கு இடையே வைத்துக்கொண்டு செல்லுங்கள். 90/14 ஊசியையும் வழக்கமான பருத்தி நூலையும் கொண்டுசெல்ல வேண்டும். முதலில் இரண்டு மடிப்புத் துணியில் ஒரு கோடு தைத்து, கைவைத்து வழிநடத்தாமலே அது நேராகச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூன்றடுக்கில், குறுக்கே ஒரு தடித்த தையல் சந்திப்பு வருமாறு தைத்து, துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சிறு கண்ணிகள் நீட்டிக்கொண்டிருந்தால் மேல் நூலின் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே அழுக்கோ துருவோ இருக்கிறது. திறந்து துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சந்திப்பில் மட்டும் தையல் விடுபட்டால், புதிய ஊசி மாட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, அப்போதும் விடுபட்டால் அந்த மெஷினை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.